எட்டு மணிக்கு நாலு தட்டு, பதினொரு மணிக்கு ஒரு தட்டு: ராத்திரிக்கு என்ன செய்யலாம்?

பீளமேட்டுக்காரன் | திங்கள், இரவு 11:40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மனைவிக்கு ஜூன் மாதத்திலிருந்து இரண்டாவது ஷிப்ட். மதியம் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி பதினொன்று. காலைச் சமையலும் டப்பா கட்டுவதும் அவள் பார்த்துக்கொள்கிறாள். ராத்திரி என் பொறுப்பு. நான் வீடு வந்து சேர ஆறே முக்கால் ஆகிவிடும். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை இருக்கிறது, எட்டு மணிக்குத் தட்டு முன்னால் வந்துவிட வேண்டும். பெரியவள் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. சின்னவனுக்கு நாலு வயது, காரம் ஆகாது.

மூன்று வாரம் தோசையிலேயே ஓட்டினேன். மாவு கூட தெருமுனைக் கடையில் வாங்கியதுதான். போன வெள்ளிக்கிழமை பெரியவள் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, தோசைக்கு வேற பேரு ஏதாச்சும் வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

ஆனால் என் கவலை அதைவிட மனைவியின் தட்டைப் பற்றியது. எட்டு மணிக்கு நன்றாக இருக்கிற தோசை, ஹாட்பாக்சில் பதினொரு மணிவரை இருந்தால் நனைந்த அட்டை மாதிரி ஆகிவிடுகிறது. வந்ததும் சூடாக ஊற்றித் தருகிறேன் என்றால், "நீங்க போய்த் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே அதைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

ஆகவே எட்டுக்கும் பதினொன்றுக்கும் தாங்குகிற சாப்பாடாக வேண்டும். நாற்பது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எனக்குத் தெரிந்தது சோறு வடிப்பது, முட்டை பொரிப்பது, சுமாராக ஒரு தக்காளிச் சட்னி. சொல்லுங்கள்.

---

பேச்சிலர்27 | திங்கள், இரவு 11:52

அண்ணா, தோசைக்கு 'வட்டம்' என்று பேர் வைத்துவிடுங்கள். பிரச்சினை முடிந்தது.

---

சிங்காநல்லூர் அக்கா | செவ்வாய், காலை 6:10

கோயமுத்தூரில் இருந்துகொண்டு ராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்கிறீர்களே தம்பி. அரிசிம்பருப்பு சாதம் எதற்கு இருக்கிறது? கல்யாண வீட்டு அலுப்பு, ஊருக்குப் போய் வந்த அலுப்பு, காடு சுற்றிவந்த அலுப்பு எல்லாவற்றுக்கும் நம் பக்கத்தில் அதுதான்.

அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. வந்ததும் கை கால் கழுவுவதற்கு முன்னால் இரண்டையும் கழுவி ஊறப் போட்டுவிடுங்கள். குக்கரில் எண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், வரமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் பதினைந்து, அரிய வேண்டாம், பெரிதாக இருந்தால் இரண்டாக நறுக்கினால் போதும். பூண்டு ஏழெட்டுப் பல், முழுசாக. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் ஒரு தக்காளி, மஞ்சள்தூள். அரிசி பருப்பைப் போட்டு ஒரு புரட்டு. தண்ணீர் நாலு டம்ளர், உப்பு. கொதி வரும்போது கரண்டியில் எடுத்து நக்கிப் பாருங்கள், தண்ணீர் ஒரு சிட்டிகை கரிக்க வேண்டும். அப்போதுதான் வெந்த பிறகு உப்பு சரியாக இருக்கும். மூன்று விசில், அப்புறம் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும்.

சின்னவனுக்காக மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போடுங்கள். காரம் இறங்காது, தட்டில் வரும்போது எடுத்து வைத்துவிடலாம். மேலே நெய், பக்கத்தில் அப்பளம்.

இது ஆற ஆற இறுகும். பதினொரு மணித் தட்டுக்கு அரை டம்ளர் கொதிக்கும் தண்ணீரைத் தெளித்துக் கிளறி, கொஞ்சம் நெய் விட்டு மூடினால் மறுபடி குழைந்து வந்துவிடும். பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சவசவ என்று போய்விடும்.

---

நெல்லைச்சீமை | செவ்வாய், காலை 9:25

அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் வெந்தால் அதற்கு எங்கள் ஊரில் ஆரம்பம் என்று பேர். அதில் கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், மாங்காய்த் துண்டு, கடைசியில் ஒரு கை முருங்கைக் கீரை, தேங்காய் சீரகம் வரமிளகாய் அரைத்த விழுது எல்லாம் சேர்ந்தால்தான் சாப்பாடு. கூட்டாஞ்சோறு. காய்க்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் வேண்டியதில்லை. அப்பா தட்டில் காயை அள்ளிப் போடலாம், பிள்ளைகளுக்குச் சோறாகப் போடலாம்.

---

சிங்காநல்லூர் அக்கா | செவ்வாய், காலை 9:41

தம்பி நாற்பது நிமிடம் என்று சொல்லியிருக்கிறார். முருங்கைக் கீரையை யார் உருவுவது? நீங்களா வருகிறீர்கள்?

---

நெல்லைச்சீமை | செவ்வாய், காலை 9:44

அதற்குத்தான் டிவி சீரியல் இருக்கிறது. பார்த்துக்கொண்டே உருவலாம்.

---

வார்டு நர்ஸ் | செவ்வாய், மதியம் 2:15

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம். சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடுகிறவர் என்றால், மாத்திரை உள்ளே போன பிறகு சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. சில மாத்திரைகளுக்கு, இன்சுலினுக்கும், சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு வரும். எங்கள் வார்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது "மாத்திரை போட்டுட்டேன், சாப்பாடு லேட்டாயிடுச்சு" என்பதுதான். குக்கர் விசில் வந்த பிறகு மாத்திரையைக் கொடுங்கள். அவருடைய மாத்திரை எந்த வகை என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'சர்க்கரை, அதனால் ராத்திரி சப்பாத்தி' என்று வீட்டுக்கு வீடு ஒரு நம்பிக்கை இருக்கிறது. கோதுமையும் மாவுச்சத்துதான். மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டுவிட்டு "நான் சோறே தொடறதில்லை" என்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். எதைச் சாப்பிடுகிறார் என்பதோடு எவ்வளவு என்பதையும் பாருங்கள். தட்டில் பாதி காய், கால்வாசி பருப்பு அல்லது முட்டை, மிச்சம்தான் சோறோ சப்பாத்தியோ. அரிசிம்பருப்பு செய்தால் அவருக்காகப் பருப்பை அரை டம்ளராக்கி அரிசியைக் குறையுங்கள். ருசி கூடத்தான் செய்யும்.

---

உண்மை_கசக்கும் | செவ்வாய், மாலை 4:30

வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போனால் குடும்பம் கடை மாவில்தான் பிழைக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியே வராது.

---

சிங்காநல்லூர் அக்கா | செவ்வாய், மாலை 4:38

அந்தக் காலத்தில் கேள்வி வரவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியவர்கள் அடுப்படியில் இருந்தார்கள். நீங்கள் திண்ணையில் இருந்தீர்கள். அவர் சமைக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். குறிப்பு ஏதாவது இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த இழைக்குப் போங்கள்.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 5:05

சமையலோடு நிற்போம்.

---

குடந்தை மாமி | செவ்வாய், மாலை 6:20

யாருமே மோர்க்களி சொல்லவில்லையா! பதினைந்து நிமிஷம். ஒரு கப் அரிசி மாவை மூணு கப் நன்னாப் புளிச்ச மோரில் கட்டி இல்லாமல் கரைத்து, உப்புப் போட்டு வைத்துக்கொள்ளுங்கோ. வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாக, கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய் நாலு, பெருங்காயம், கறிவேப்பிலை. மோர்மிளகாய் கறுக்கணும். கரைத்ததை ஊற்றிச் சின்னத் தீயில் கைவிடாமல் கிளறணும். முதலில் ஒட்டும், பயப்படக் கூடாது. ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே போனால் பளபள என்று சுருண்டு வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

எண்ணெய் தடவின தட்டில் கொட்டிப் பரப்பி வைத்துவிட்டால், பதினோரு மணிக்கு வருகிறவளுக்கு வில்லை போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆறினாலும் நன்னாயிருக்கிற பலகாரம் இது ஒண்ணுதான்.

---

வார்டு நர்ஸ் | செவ்வாய், இரவு 7:02

மாமி, அப்பாவுக்கு அது வேண்டாமே. முழுக்க முழுக்க அரிசி மாவு.

---

குடந்தை மாமி | செவ்வாய், இரவு 7:10

எங்காத்துக்காரருக்கும் சர்க்கரைதான். ரெண்டு வில்லை கொடுப்பேன், பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வைப்பேன். மூணாவதுக்குக் கை நீட்டினால் தட்டையே எடுத்துடுவேன்.

---

பீளமேட்டுக்காரன் | புதன், இரவு 11:50

முதல் அறிக்கை. அரிசிம்பருப்பு செய்தேன். அப்பாவைச் சின்ன வெங்காயம் உரித்துத் தரச் சொன்னேன். சும்மா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர்தானே என்று. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் நுனியைக் கிள்ளி, காய்ந்த தோலை எடுத்து, அதன் கீழே இருக்கிற மெல்லிய சவ்வையும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பதினைந்து வெங்காயத்துக்கு இருபது நிமிடம். குக்கரில் கடுகு கருகியது, இரண்டாவது தடவை தாளித்தேன்.

எட்டு ஐந்துக்குத் தட்டு வந்துவிட்டது. பெரியவள் இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். அப்பா சாப்பிட்டு முடித்து, "பூண்டு இன்னும் நாலு போட்டிருக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அது பாராட்டு.

பதினொன்றுக்குக் கொதிக்கிற தண்ணீர் வைத்தியம் சொன்னபடியே வேலை செய்தது. மனைவி உட்கார்ந்து சாப்பிட்டாள். உட்கார்ந்து என்பதைக் கவனிக்கவும்.

---

ஆரம்பப்பள்ளி டீச்சர் | வியாழன், மாலை 5:45

நல்ல தொடக்கம். உப்புமா பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள்.

---

பீளமேட்டுக்காரன் | வியாழன், இரவு 9:15

டீச்சர், உங்கள் பதிவை இப்போதுதான் பார்க்கிறேன். ஒன்றரை மணி நேரம் முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

ரவையை வறுக்கவில்லை. வறுத்த ரவை என்று பாக்கெட்டில் போட்டிருந்தது, நம்பினேன். ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் வைத்து, கொதித்ததும் மொத்தமாகக் கவிழ்த்தேன். நடுவில் ஒரு உருண்டை உருவாகி, கரண்டியோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. உடைத்தால் உள்ளே வெள்ளை மாவு. சின்னவன் அதைக் கையில் எடுத்து உருட்டிச் சுவரில் எறிந்தான். ஒட்டிக்கொண்டது.

கடைசியில் அவசரத்துக்கு முட்டை, பழைய நண்பன் தோசை. பெரியவள், "வட்டமா?" என்றாள். இந்த இழையை அவளுக்குப் படித்துக் காட்டியது தப்பு.

---

பேச்சிலர்27 | வியாழன், இரவு 9:20

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குழந்தை என் யோசனையைக் கேட்டிருக்கிறது.

---

ஆரம்பப்பள்ளி டீச்சர் | வியாழன், இரவு 9:48

வருத்தப்படாதீர்கள். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் இல்லை. உங்கள் பெண் அரசுப் பள்ளி என்றீர்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோதே பட்டியலில் உப்புமாவும் கிச்சடியும்தான் அதிகம். ஒரு பெரிய சட்டியில் நூறு பிள்ளைகளுக்குச் செய்ய அதுதான் தோது. எங்கள் பள்ளியில் சாம்பாரைக் குடித்துவிட்டு உப்புமாவை ஓரமாகத் தள்ளுகிற பிள்ளைகள் உண்டு. 2025-ல் திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதில் பொங்கல் என்று சட்டமன்றத்திலேயே அறிவிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. காலையில் பள்ளியில் ரவை, ராத்திரி வீட்டில் ரவை என்றால் குழந்தை என்ன செய்யும்? அன்றைக்கு அவள் பள்ளியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

எப்போதாவது செய்வதென்றால் இப்படி: பாக்கெட் என்ன சொன்னாலும் சரி, ஒரு கரண்டி எண்ணெயில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர். கொதித்ததும் தீயைக் குறைத்து, இடது கையால் மழைத் தூறல் மாதிரி தூவிக்கொண்டே வலது கையால் கிளற வேண்டும். அடுப்பை அணைத்து மூடி ஐந்து நிமிடம் விட்டால் வெள்ளை மாவு இருக்காது.

---

காரைக்குடிப் பேத்தி | வெள்ளி, காலை 10:30

எல்லோரும் புதுப் பலகாரம் சொல்கிறீர்கள். அவர் மாவு வாங்கத்தான் போகிறார், அதை மறைத்து என்ன பயன்? தொட்டுக்கொள்வதை மாற்றினாலே தோசை வேறு சாப்பாடு ஆகிவிடும்.

கோசுமல்லி செய்யுங்கள். கத்தரிக்காய் நாலு, ஒரு உருளைக்கிழங்கு, இரண்டையும் குக்கரில் வேகவைத்துத் தோலை உரித்துக் கையால் மசித்துவிடுங்கள். மிக்சி கூடாது. புளித்தண்ணீர் கொஞ்சம், உப்பு. வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி வதக்கி இதை ஊற்றி ஒரு கொதி. தண்ணியாகவும் இருக்கக் கூடாது, கெட்டியாகவும் இருக்கக் கூடாது, இட்லி மேல் ஊற்றினால் மெதுவாக வழிய வேண்டும். இடியாப்பத்துக்கும் இதுதான் ஜோடி. கத்தரிக்காய் என்றால் ஓடுகிற பிள்ளைகள் கூட இதில் இருப்பதைக் கண்டுபிடிப்பதில்லை. பதினொரு மணிக்கு இன்னும் ருசி கூடியிருக்கும்.

பெரியவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிவை வாசித்துக் காட்டாதீர்கள்.

---

நாகர்கோவில் டிரைவர் | வெள்ளி, மதியம் 1:05

நான் லாரி ஓட்டுகிறவன். வீட்டுச் சாப்பாடு எட்டு மணி நேரம் கழித்துத்தான் வாய்க்குப் போகும். அதனால் உங்கள் மனைவி கஷ்டம் எனக்குத் தெரியும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். வழிப்பயணத்துக்கு எதைக் கட்டுவீர்களோ அதுதான் பதினொரு மணிக்குத் தாங்கும். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் பூசின இட்லி. புளிச்சோறு. சப்பாத்திக்குத் தக்காளித் தொக்கு. இதெல்லாம் நேரம் ஆக ஆகத்தான் ஊறும். தோசை, பூரி, ஆம்லெட் எல்லாம் அடுப்புக்கும் வாய்க்கும் நடுவே ரெண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

ஹாட்பாக்சில் எதை வைத்தாலும் மூடிக்கு உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விரித்து மூடுங்கள். மூடியில் வியர்க்கிற தண்ணீர் சொட்டித்தான் தோசை நனைகிறது.

வீட்டில் இருக்கிற நாளில் நான் கேட்பது கஞ்சியும் சிறுபயறும். குழைந்த புழுங்கலரிசிக் கஞ்சி, தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம். பயற்றில் தேங்காயும் சீரகமும் சதைத்துப் போட வேண்டும். அப்பாவுக்குக் கஞ்சியைக் குறைத்து பயற்றைக் கூட்டிக்கொள்ளலாம். காய்ச்சல்காரன் சாப்பாடு என்று கேலி செய்வார்கள், செய்யட்டும்.

---

பேச்சிலர்27 | வெள்ளி, மதியம் 1:30

என் வழி: மதியம் வடித்த சோறு மிச்சம் இருக்கும். ராத்திரி முட்டை, வெங்காயம், கேரட் போட்டு ஃபிரைட் ரைஸ். சோறு அடுப்படியில் மூடி வைத்தது, மூன்று மணிக்கு வைத்தால் ஒன்பதுக்குப் புரட்டுவேன். ஒரு குறையும் இல்லை.

---

வார்டு நர்ஸ் | வெள்ளி, மதியம் 3:10

குறை ஒருநாள் வரும். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு காட்டினாலும் போகாது. அதனால்தான் 'நன்றாகச் சூடு பண்ணித்தானே சாப்பிட்டேன்' என்று வாந்தியோடு வருகிறார்கள். மிச்சச் சோற்றை அகலமான தட்டில் கொட்டி ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பீளமேட்டுக்காரருக்கும் இது உண்டு. எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை என்றால், ஒன்று ஹாட்பாக்சில் நல்ல சூடாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆற வைத்து ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். ரெண்டுங்கெட்டானாக மேடையில் கிடக்க வேண்டாம்.

---

நெல்லைச்சீமை | வெள்ளி, மாலை 4:00

அப்போது எங்கள் பழங்கறி? பொங்கல் அன்றைக்கு மிஞ்சின காய்க்கறி, குழம்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு நாள்கணக்கில் சுண்டச் சுண்டக் காய்ச்சித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

---

வார்டு நர்ஸ் | வெள்ளி, மாலை 4:20

அது தினம் இரண்டு வேளை கொதிக்கிறது, புளியும் இருக்கிறது. சோற்றுக்கு அந்த இரண்டும் இல்லை. பழங்கறி மேல் நான் கை வைக்கவில்லை, எனக்கும் ஒரு கரண்டி அனுப்புங்கள்.

---

நீத்துப்பெட்டி | சனி, காலை 7:15

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது டொரொன்டோவில் இருக்கிறேன். எங்கட வீட்டில் சோறு மத்தியானத்துக்கு. இரவு என்றால் புட்டு, இல்லாட்டி இடியப்பம். அவசரமென்றால் பாணும் (உங்கட பிரெட்) பருப்பும். நீங்கள் ஒருவரும் புட்டைப் பற்றிக் கதைக்கவில்லை என்றதும் பொறுக்க முடியவில்லை.

வேலை முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்கு. கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு உதிர்த்து அரித்து, ஆறவிட்டுப் போத்தலில் போட்டு வையுங்கோ. வறுத்த சிவப்பரிசி மாவும் அதே போல் போத்தலில் இருக்கட்டும். இரவு வந்ததும் இரண்டையும் பாதிக்குப் பாதி எடுத்து, உப்புப் போட்டு, கொதித்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளற வேணும். பிறகு ஒரு பேணியின் (தகர டப்பா) விளிம்பால் கொத்த வேணும். டக் டக் என்று கொத்தக் கொத்தக் கட்டியெல்லாம் கடுகுமணி மாதிரி வரும். எங்கட அம்மம்மா கொத்துற சத்தம் கேட்டால் பின்வீட்டுக்குத் தெரியும், இவையள் வீட்டில் இண்டைக்குப் புட்டு என்று. தேங்காய்ப்பூ சேர்த்து நீத்துப்பெட்டியில், அதுதான் புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி, பத்து நிமிடம். பெட்டி இல்லாட்டி இட்லிச் சட்டியில் துணி போட்டு அவிக்கலாம்.

பக்கத்தில் சொதி. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், தேங்காயின் தண்ணிப்பால். அவிந்ததும் முதற்பாலை விட்டு, ஒரு கொதி எழும்புகிற நேரத்தில் இறக்கிப்போடுங்கோ. தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) இறக்கின பிறகுதான், அடுப்பில் விட்டால் பால் திரைஞ்சிடும். பிள்ளையின் பங்குக்கு மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டால் காணும்.

மனைவி வரும்போது புட்டு ஆறியிருந்தால் ஐந்து நிமிடம் மீண்டும் ஆவி காட்டுங்கோ, புதுசாக வந்துவிடும். சொதியை மட்டும் கொதிக்க விடாதேங்கோ.

---

பீளமேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் சேர்த்து வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இன்றைக்கு நடந்தது. காலையில் சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு அப்பாவையும் கூட்டிப் போனேன். நாலு கத்தரிக்காய் எடுக்க அவர் ஒரு கூடையையே கலைத்தார். காம்பு பச்சையாக இருக்கிறதா, தோல் மினுங்குகிறதா, அழுத்தினால் உள்ளே போய் மறுபடி எழும்புகிறதா. கடைக்காரம்மா, "மாப்பிள்ளை பாக்கறதுக்குக் கூட இவ்வளவு நேரம் ஆகாதுங்க" என்றார்.

மத்தியானம் நீத்துப்பெட்டி சொன்னபடி மாவு அவித்து அரித்துப் போத்தலில் போட்டேன். அடுப்படி முழுக்க வெள்ளை. ராத்திரி இட்லிச் சட்டியில் புட்டு. என் கொத்தலில் கடுகுமணி வரவில்லை, கொண்டைக்கடலை அளவுக்கு வந்தது. பரவாயில்லை, வெந்தது. சின்னவன் புட்டைச் சொதியில் நனைத்து நனைத்து மேல்சட்டையோடு சேர்த்துச் சாப்பிட்டான். அப்பாவுக்குத் தேங்காய்ப்பால் ஒப்பவில்லை, காலையில் மிஞ்சின பாசிப்பயறு கடைசலை ஊற்றிக்கொண்டார். கொங்கு நாட்டுக்காரருக்கு எதிலும் கடைசல் வேண்டும்.

கோசுமல்லி நாளைக்கு. பெரியவள் இப்போதே 'கத்தரிக்காய் எதுக்குப்பா வாங்கினே' என்று கேட்டுவிட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

---

சிங்காநல்லூர் அக்கா | ஞாயிறு, இரவு 9:52

எங்கள் சந்தைக்கே வந்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறீர்கள். சரி, இவ்வளவு செய்கிறவர் மாவும் ஆட்டிவிடுங்கள். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர் இது, இங்கே உட்கார்ந்து பாக்கெட் மாவு வாங்கினால் கிரைண்டருக்கே ரோசம் வரும். இட்லி அரிசி நாலு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்தை முதலில், ஃபிரிட்ஜ் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். ஒரு துளி எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் மிதக்க வேண்டும். உப்புப் போட்டுக் கையால் கரையுங்கள், கரண்டி வேண்டாம்.

முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, நாலாம் நாள் புளித்ததில் வெங்காயம் பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டிப் பணியாரம். ஒரே மாவுதான், பெரியவள் பேர் மாற்றச் சொல்ல மாட்டாள்.

---

குடந்தை மாமி | ஞாயிறு, இரவு 10:05

எல்லாம் சரி. பதினோரு மணிக்கு வருகிறாளே, அவளுக்கு என்ன வேணும் என்று யாராவது கேட்டேளா?

---

பீளமேட்டுக்காரன் | திங்கள், அதிகாலை 12:20

கேட்டேன் மாமி. உங்கள் பதிவைப் பார்த்த பிறகுதான், நீங்கள் கேட்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

புட்டை ஆவி காட்டித் தட்டில் வைத்துவிட்டு, "உனக்கு என்ன செஞ்சா பிடிக்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். எனக்கு என்ன தெரியும் என்று கணக்குப் போட்டுத்தான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. "கொள்ளு ரசம். எங்கம்மா வைக்கற மாதிரி. மில் ஷிப்ட் முடிஞ்சு அப்பா வர்றப்ப அடுப்புல இருக்கும்" என்றாள். அவளுடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். எங்களுக்குக் கல்யாணம் ஆகி பத்து வருடம் ஆகிறது, கொள்ளு ரசத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது மணி பன்னிரண்டரை ஆகப் போகிறது. ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கிக் கழுவி ஊறப் போட்டுவிட்டேன். மாமியாரை இந்த நேரத்தில் எழுப்ப முடியாது. குக்கரில் எத்தனை விசில்?

---

சிங்காநல்லூர் அக்கா | திங்கள், காலை 5:35

காலையில் தண்ணீரை வடித்துவிட்டு ஈரத்தோடு மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் வரை தண்ணீரிலேயே கிடந்தால் புளித்துவிடும். வந்ததும் கொள்ளுக்கு நாலு பங்கு புதுத் தண்ணீர் ஊற்றி எட்டு விசில். நசுக்கினால் மாவாகப் போக வேண்டும். வெந்த தண்ணீரை மட்டும் தெரியாமல் சிங்கில் கொட்டிவிடாதீர்கள் தம்பி, ரசமே அதுதான். அந்தத் தண்ணீரில் புளி கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு, ஒரு கைப்பிடி வெந்த கொள்ளு எல்லாம் நுணுக்கிப் போட்டு, நுரை கட்டினதும் இறக்குங்கள். கொதிக்க விட வேண்டாம். மிச்சக் கொள்ளை வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்துக் கடைந்தால் அப்பாவுக்கு ஆச்சு.

வெங்காயத்தை நேரத்தோடு உரிக்கக் கொடுத்துவிடுங்கள்.

---

பீளமேட்டுக்காரன் | திங்கள், காலை 6:50

கொடுத்துவிட்டேன். முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.